கையா, துப்பாக்கியா

மூன்று வாரம் நான் என் வலது கையையே வேவு பார்த்தேன். காலையில் எழுந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். கையை முன்னால் நீட்டி, விரல்களின் மேல் ஒரு செய்தித்தாள் துண்டை வைப்பேன். தாளின் ஓரம் ஆடுகிறதா என்று பார்ப்பேன். ஆடினால், காற்றா கையா என்று சந்தேகம் வரும். ஜன்னலைச் சாத்துவேன், மூச்சை அடக்குவேன். அப்புறமும் லேசாக ஆடும். வேலைக்குப் போக நேரமாகிக்கொண்டிருக்கும்போது நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை ஒருத்தி இப்படி நிற்கிறாளே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும். மறுநாளும் அதையேதான் செய்வேன்.

என் பிழைப்பே அந்தக் கையில்தான் இருக்கிறது. இங்கே பர்மாவில், பபேடான் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள் நான். இருபத்தாறு வருடமாகிறது. கைக்குழந்தை வந்தாலும் சரி, ஊசி போட்டுப் போட்டு நரம்பெல்லாம் ஒளிந்துகொண்ட நோயாளி வந்தாலும் சரி, மற்றப் பெண்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்து, வேலை முடிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் அப்பா துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். ஐம்பது நெருங்கும்போது அவருக்கு வலது கட்டைவிரலில் ஆரம்பித்தது. முதலில் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு சட்டைப் பொத்தானைப் போட அரை மணி நேரம். பிறகு கை முழுவதும். நடுக்குவாத நோய் என்றார்கள். பதினோரு வருடம் அந்த நோயோடு கிடந்து போய்ச் சேர்ந்தார். இது பிள்ளைகளுக்கு வந்தே தீரும் என்று ஒன்றும் கிடையாது என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். நம்பினேனா என்று கேட்டால், இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியதிலிருந்து எனக்கும் வருமோ வருமோ என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னது என் துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். பந்தயத்துக்குச் சுடுகிற காற்றுத் துப்பாக்கி. பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் காற்று அடைபடும். ஒரு சின்ன ஈய ரவையைப் போட்டு, பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் அட்டையைச் சுட வேண்டும். ஒரு புறாவைக்கூட நான் கொன்றதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், ஓடத் தெரியாத என்னைச் சுடுகிற பக்கம் தள்ளிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது. பெரிய பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் சுட்டுவிட்டு வந்தால் வாரம் முழுக்க மனசு நேராக இருக்கும். நான் வைத்துச் சுடுவது, நாங்கள் பழகும் துப்பாக்கி சுடும் மன்றத்தின் சொத்து. பதினாறு வருடமாக வேறு யாரும் அதைத் தொடாததால் அது என்னுடையது என்றே எல்லாரும் சொல்வார்கள்.

ஐந்து ரவை சுட்டால் ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும். அதுதான் என் கணக்கு. மழை விட்டு, பர்மியர்கள் பண்டிகைக்கு ஊரெல்லாம் தீபம் ஏற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தில் இரண்டு பொத்தானைத் தாண்டி விழுந்தன. தூக்கம் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே கதை. ஒன்று நடுவில் விழும், அடுத்தது விலகும், மூன்றாவது திரும்பவும் நடுவில்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். இரண்டு தரம் குத்தினேன், இரண்டு தரமும் நரம்பு தப்பியது. குழந்தை வீறிட்டது. தாய் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கையுறைக்குள் விரல் நுனி துடிப்பது எனக்கே தெரிந்தது. பக்கத்துப் பெண்ணிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு குழந்தைகளை நான் தொடவே இல்லை. ஊசி குத்தும் வேலையிலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றித் தரும்படி ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எழுதும்போது எழுத்து சின்னதாகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. என் கணவருக்குப் பசுந்தாங் பகுதியில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவருக்கு வேலை. விடியற்காலையில் வந்தால் விடியற்காலையில் ஓடுவார். அந்த மனுஷருக்கு இந்தக் கவலை வேறு எதற்கு?

கைதான் என்று மனசு அடித்துச் சொன்னாலும், துப்பாக்கியாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. ரவை டப்பாவை மாற்றினேன். குழலுக்குள் துணி விட்டுத் துடைத்தேன். குறிபார்க்கும் வளையத்தின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். இரும்பையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற அடிப்பக்கத்துத் திருகு இரண்டையும் பார்த்தேன். கல் மாதிரி இறுக்கமாக இருந்தன. மூக்குக் கண்ணாடியைக்கூட மாற்றினேன், அதற்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது. ஒன்றை மட்டும் செய்யவில்லை. துப்பாக்கியை வேறொருத்தரிடம் கொடுத்துச் சுடச் சொல்லவில்லை. அதுதானே முதலில் செய்ய வேண்டியது? ஐந்து நிமிட வேலை. ஆனால் அவர் சுட்டு ஐந்தும் பொத்தானுக்குள் விழுந்துவிட்டால்? அப்புறம் எனக்கு ஒளிய இடமே கிடையாது.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை மேசை மேல் அரிசிப் பையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டேன். அப்போதும் சிதறியது; விசையை இழுப்பது இந்தக் கைதானே என்று அதற்கும் கையையே குறை சொல்லிக்கொண்டேன். நான் அட்டையைக் கழற்றிச் சுருட்டுவதை மன்றத்தின் பயிற்சியாளர் பார்த்துவிட்டாள். அவள் பர்மியப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஒரு காலத்தில் எனக்குப் பின் வரிசையில் நின்று சுட்டவள். என்னை ‘அமா’ என்பாள், அக்கா என்று அர்த்தம். அவளுக்குத் தமிழ் வராது, எங்கள் பேச்செல்லாம் பர்மியத்தில்தான்.

“அமா, ஏன் அட்டையை ஒளிக்கிறீங்க?”

“ஒளிக்கிறேனா? குப்பைக்குப் போடப் போறேன்.”

“மூணு வாரமா போடுறீங்க. நான் எடுத்து வச்சிருக்கேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “என் குப்பையைக் கிளறுறதுதான் உன் வேலையா?” என்று கத்திவிட்டேன். அவள் அலமாரியிலிருந்து அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“இங்க பாருங்க. ஓட்டை எல்லாம் எங்க இருக்கு?”

பார்த்தேன். நடுவில் ஒரு குவியல். வலது பக்கம் கொஞ்சம் மேலே இன்னொரு குவியல். இரண்டுக்கும் நடுவில் அட்டை சுத்தமாக இருந்தது.

“கை ஆடினா இப்படியா விழும்? சுத்திச் சுத்தி எல்லாப் பக்கமும் இறைஞ்சிருக்கும். இது ரெண்டு இடத்துலதான் விழுது. ரெண்டு இடத்துலயும் ஒழுங்கா விழுது,” என்றாள்.

“கை ஆடுதுன்னு உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நீங்க போன வாரம் டீ கிளாஸை ரெண்டு கையால பிடிச்சீங்க.”

அவள் துப்பாக்கிக்குக் கை நீட்டினாள். “குடுங்க, நான் அஞ்சு சுடுறேன்.”

“வேணாம்.”

“அமா.”

“வேணாம்னா வேணாம். நீ சுட்டு நல்லா விழுந்துட்டா நான் என்ன பண்றது, சொல்லு! என் அப்பா மாதிரி...” பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் என் கையைப் பிடிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. துப்பாக்கியை எடுத்தாள். அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஐந்து தரம் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அப்பப்பா. அப்புறம் கயிறு ஓடி அட்டை கிட்டே வரும் சத்தம்.

“திரும்புங்க,” என்றாள்.

மூன்று நடுவில். இரண்டு வலது பக்கம் மேலே.

நாட்டிலேயே நல்ல கை என்று பெயர் எடுத்தவள் அவள். அவள் சுட்டும் இரண்டு குவியல்! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே செய்தேன். போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. ஒரு துப்பாக்கி கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என்ன கெட்டது என்று பார்க்க வேண்டுமே. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் குடியிருக்கும் தின்கன்ஜூனிலிருந்து என்னைப் பழைய வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். மன்றத்தின் துப்பாக்கிகளுக்கு ஸ்பிரிங் மாற்றுவது, நெம்புகோல் சரிபார்ப்பது எல்லாம் அவர்தான், காசு வாங்குவதில்லை. பயிற்சியாளர் ஆள் அனுப்பினாள். திருப்புளிப் பெட்டியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னாச்சு புள்ள? ஏன் அழுதிருக்கே?”

“ஒண்ணுமில்லங்க. துப்பாக்கி சரியில்ல. நல்ல வேளை.”

“துப்பாக்கி கெட்டதுக்கு நல்ல வேளையா?” என்றபடி உட்கார்ந்தார். அடியில் இருந்த இரண்டு திருகையும் கழற்றினார். இரும்புப் பாகத்தைக் கட்டையிலிருந்து மெல்லத் தூக்கினார்.

இரும்பு உட்காரும் குழிக்குள், ஒரு பக்கமாக, மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. காய்ந்து கெட்டியாகி, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தோம். பயிற்சியாளர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். “இது என் தனாக்கா!” என்றாள். பர்மாவில் பெண்கள் கன்னத்தில் பூசுகிற, மரப்பட்டையை அரைத்து எடுக்கும் அந்த மஞ்சள் குழம்பு.

என் கணவரின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆயுத பூஜை. பட்டறையில் லேத்துக்கும் ரெஞ்சுக்கும் பூஜை போட்டுவிட்டு, “ஆயுத பூஜைன்னு பேரை வச்சிக்கிட்டு நெஜ ஆயுதத்தை விட்டுட்டா எப்படி?” என்று கிளம்பி, சனிக்கிழமை இங்கே வந்து என் துப்பாக்கிக்கும் பொட்டு வைத்திருக்கிறார். துப்பாக்கி மன்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதால் பூஜை துப்பாக்கியைத் தேடி வந்தது. அன்றைக்கு எனக்கு வேலை நாள், நான் இல்லை. கொண்டுவந்த சந்தனம் வேனிலேயே கொட்டிவிட்டதாம். பயிற்சியாளர், பாவம், தன் கல்லில் தனாக்கா அரைத்துக் கொடுத்தாளாம். மேலே வைத்த பொட்டையெல்லாம் காவல்காரர் அன்றைக்கே துடைத்துவிட்டார். பூஜை போட்டது எனக்குத் தெரியும். உள்ளே ஒரு பொட்டு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“உள்ள எதுக்குங்க வச்சீங்க?”

“பட்டறையில எப்பவும் அப்படித்தானே வைப்பேன்? லேத்துக்கு மூடியத் தொறந்து பல்சக்கரத்துக்கு வைக்கிறதில்ல? வேலை செய்யுறது உள்ள இருக்கு, வெளியில மட்டும் வச்சா அதுக்கு யாரு வைக்கிறது?”

“கொஞ்சமா வைக்கக் கூடாதா?”

“உன்னுதாச்சேன்னு கூட வச்சேன்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஈரமாக இருந்தவரை அது மெத்தென்று அமுங்கிக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் பூஜைக்கு மறுநாள் நான் நன்றாகவே சுட்டேன், சந்தேகமே வரவில்லை. மழை விட்டு வெயில் ஏற ஏறக் காய்ந்து கல்லாகிவிட்டது. ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி, ஒவ்வொரு தரம் நெம்புகோலை இழுக்கும்போதும் இரும்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருக்கிறது. அதுதான் இரண்டு குவியல்.

பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தாள். “துப்பாக்கிக்கு மேக்கப் போட்டா அது எப்படிச் சுடும்?” என்றாள். அவர் மரக்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்து, திருப்பி மாட்டினார். நான் ஐந்து சுட்டேன். ஐந்தும் பொத்தானுக்குள். அவர் அந்த அட்டையை வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “என் தப்புதானா? நல்லாத் தெரியுமா?” என்று இரண்டு தரம் கேட்டார். தப்பு செய்த ஆள் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக எங்கள் மருத்துவமனையின் நரம்பு டாக்டரிடம் போனேன். துப்பாக்கி சொன்னது துப்பாக்கியைப் பற்றித்தானே, என் கையைப் பற்றி ஒரு டாக்டர் சொல்லட்டும். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வட்டம் வரையச் சொன்னார். “ஒரு அறிகுறியும் இல்ல. பயத்துல யாருக்கும் கை லேசா நடுங்கும். முதல் நாளே என்கிட்ட வர்றதுக்கு என்ன?” என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். பத்து மணிக்கு ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று வந்தது. நானே எடுத்தேன். ஒரே குத்து. கைப்பையில் கிடந்த கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் அதைச் சொல்வதற்காகவே பசுந்தாங் பட்டறைக்குப் போனேன். கரண்ட் இருந்தது, லேத் ஓடிக்கொண்டிருந்தது. கையில் பட்ட எண்ணெயைத் துடைக்கத் துணி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். செய்தித்தாளில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தால், சோறு சாப்பிடுகிற கரண்டி. பிடி மட்டும் பித்தளையில் கடைந்தது. கட்டைவிரல் தடிமன், நல்ல கனம்.

“இது யாருக்குங்க?”

லேத்தை நிறுத்தினார். “அத ஏன் எடுத்தே? சும்மா. கரண்ட் வந்த நேரத்துல சும்மா கடைஞ்சேன்.”

“சும்மாவா?”

கையைத் துடைத்துக்கொண்டார். “மாமாவுக்குக் கை ஆடுனப்போ, கனமான சாமான் குடுத்தா ஆட்டம் கொறையும்னு டாக்டர் சொன்னாரு, ஞாபகம் இருக்கா? அப்ப எனக்குச் செய்யத் தோணல. நீ பாத்ரூம்ல பேப்பரை வச்சுக்கிட்டு நிக்கிறதைக் கதவிடுக்குல பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லிருவே. சொல்லிட்டா நெசமாயிரும்னு பயந்துட்டேன்.”

கரண்டியைப் பிடித்துப் பார்த்தேன். பிடியில் நான்கு விரலுக்கும் லேசாகப் பள்ளம் எடுத்திருந்தார். என் விரல்கள் போய் அதில் சரியாக உட்கார்ந்தன.

“எப்ப அளவெடுத்தீங்க?”

“நீ தூங்குறப்போ. ரெண்டு மூணு நாளு.” பிறகு, “தூங்குறப்போ உன் கை ஆடவே இல்ல. அத உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல,” என்றார்.

“லூசு மனுஷா,” என்று திட்டினேன். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பார்க்கப் பார்க்க அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். எண்ணெய் நாற்றம், இரும்புத் தூள், எல்லாம் என் முகத்தில். அன்றைக்கு நான் துப்பாக்கிக்காகவும் அழவில்லை, கைக்காகவும் அழவில்லை. அந்த நோய் வந்தாலும் நான் தனியாகக் கிடக்க மாட்டேன் என்று அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்ததே, அதற்காகத்தான் அழுதேன்.

கரண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவர் தூக்கிப் போடச் சொன்னார், நான் கேட்கவில்லை. இப்போது சீனி டப்பாவில் கிடக்கிறது. கை ஆடும் நாள் வந்தால் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் சீனிக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.